வாழைப்பழம் ஏற்றாத லொறி

குளவிக்குப் பயந்து தேயிலைக் கொழுந்தெடுக்கிற வேலையையே விட்டுவிட்ட ஒருவர், தேனீப் பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கிப் போவது எதற்காக?

மலையகத்து நோர்வூட் கடைத்தெருவில் கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு வியாபாரி பெற்றீசியா அக்காவைப் பற்றி என்னிடம் இப்படிக் கேட்டார். அக்காவை எனக்குத் தெரியும். பட்டா என்று சொல்கிற அவருடைய சின்ன நீல லொறியையும் தெரியும். காரணம்தான் தெரியாது. பிறகு அவரிடமும், அவரோடு அதே லொறியில் போய்வருகிற ராக்காயி அக்காவிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட கதை இது.

பெற்றீசியா பிறந்தது நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். பள்ளிக்கூடத்தை விட்டதும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். இருபத்திரண்டு வயதில் ஒருநாள், மேல் மலையில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் காட்டு மரத்தில் இருந்த கூடு கலைந்தது. "குளவி" என்று யாரோ கத்தியது மட்டும்தான் அவருக்கு நினைவிருக்கிறது. கூடையைப் போட்டுவிட்டு ஓடி, தண்ணீர் வடிகிற கானுக்குள் விழுந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை உருவி முகத்தை மூடிக்கொண்டு கிடந்தார். தலைக்கு மேலே அந்த இரைச்சல் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த நிரையில் நின்ற பெண்ணால் ஓட முடியவில்லை. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

பெற்றீசியா திரும்பி வந்தார். ஆனால் மலைக்குப் போகவில்லை. தேயிலைக்குள் கால் வைத்தாலே காதுக்குள் இரைச்சல் கேட்டது. அந்த நேரத்தில் அண்ணன் இக்னேசியஸ் கட்டாருக்கு வேலைக்குப் போனார். மரக்கறி ஏற்றுகிற அவருடைய லொறி லயத்து வாசலில் சும்மா நின்றது. "நான் ஓட்டுறேன்" என்று பெற்றீசியா சொன்னபோது லயமே சிரித்தது.

"கூடையையே போட்டுட்டு ஓடுனவ, லொறிய எங்க போட்டுட்டு ஓடப் போறாளோ" என்றார்கள்.

அவர் லொறியை எங்கேயும் போட்டுவிட்டு ஓடவில்லை. ஓட்டப் பழகி, லைசன் எடுத்து, நுவரெலியாவிலிருந்து ஹட்டனுக்கு லீக்ஸும் கரட்டும் ஏற்றினார். சிரித்தவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணச் சாமான்களை அவர் லொறியில்தான் ஏற்றினார்கள்.

பல வருடங்கள் கழித்து ஒருநாள் காலை, அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் மாறி மாறி ஒரு பெண் நோர்வூட்டில் வந்து இறங்கினார். அவர்தான் ராக்காயி. கொழுந்தெடுத்துப் பென்ஷன் வாங்கியவர். வாய் ஓயாதவர்.

"நோர்வூட்ல ஒரு பொம்பள லொறி ஓட்டுதாமே, அது நீதானா தாயி?"

"நாந்தான் அக்கா. என்ன ஏத்தணும்?"

"எங்க புள்ளைங்கள."

"எத்தன பேரு?"

"எண்ணிப் பாக்கல. ஒரு பெட்டியில மட்டும் ஆயிரக்கணக்குல இருக்கும்."

விஷயம் இதுதான். ராக்காயியும் அவர் தோட்டத்துப் பெண்கள் சிலரும் சேர்ந்து தேனீ வளர்க்கிறார்கள். லயத்துக்குப் பின்னால், மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் பெட்டிகள். மாசி மாதத்தில் அக்கரப்பத்தனைக் குளிரில் தேனீக்குக் கிடைப்பது கொஞ்சம். ஆனால் கினிகத்தேனைக்குக் கீழே இறப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் புதிதாகத் துளிர்க்கும் காலம் அது. அந்தத் துளிரின் காம்பில் தேன் சுரக்கும். பெட்டிகளைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டால் பெண்களுக்கு நல்ல விளைச்சல். கொண்டுபோகத்தான் நம்பிக்கையான ஆளில்லை. கேட்ட லொறிக்காரர்களில் அநேகம் பேர் கையை விரித்துவிட்டார்கள்.

பெற்றீசியா அவரை உட்காரவைத்து, பால் விடாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். "என்னால முடியாது அக்கா" என்று தன் கதையைச் சொன்னார்.

ராக்காயி வற்புறுத்தவில்லை. கொடுத்த பிளேன்டீயைக் குடித்தார். "சரி தாயி. பயந்தவள நான் இழுக்கக் கூடாது. தலவாக்கலையில ஒருத்தன் இருக்கான். பெட்டி வாசல சாத்தாமலே ஏத்துவேன், எனக்கென்ன பயம்னு சொல்றான். அவன்கிட்டயே பேசிக்கிறேன்."

"சாத்தாமயா?"

"அப்புடித்தான் சொன்னான்."

"எந்த வழியா போவான்?"

"வேற எந்த வழி? தோட்டத்து ரோட்டு வழியா, ஹட்டன் டவுன் வழியா."

ராக்காயி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது பெற்றீசியா, "நான் ஒருதரம் வந்து பெட்டிய பாக்குறேன்" என்றார்.

அப்படித்தான் அந்த வேலை தொடங்கியது. தேனீ வளர்ப்புக்குப் பொறுப்பான அதிகாரி பெண்களுக்கு ஒழுங்குகளைச் சொல்லிக் கொடுத்தபோது பெற்றீசியாவும் போய் உட்கார்ந்தார். ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பெட்டிகளை அதிகாரி பார்த்து, நோயில்லை என்று கடிதம் தர வேண்டும். பனிமூட்டத்தில் தேனீக்கள் உள்ளே ஒடுங்கியிருக்கும்போதே வாசலை அடைக்க வேண்டும். பலகையால் அல்ல, காற்றுப் போகிற கம்பி வலையால். உள்ளே இருக்கிற தேனடைகள் லொறி போகிற திசைக்கு நேராக இருக்கும்படி பெட்டிகளை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் போடும்போது அடைகள் ஒன்றோடொன்று மோதி நசுங்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய வலை. முன்னால், "தேனீக்கள் உள்ளன, விலகி நில்லுங்கள்" என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகை. வழியில் நிற்க நேர்ந்தால் இஞ்சினை அணைக்கக் கூடாது. அந்த அதிர்வில்தான் தேனீக்கள் அடையைப் பிடித்துக்கொண்டு அடங்கியிருக்கும். சனங்கள் கூடுகிற இடத்தில் நிற்கவே கூடாது.

இவை போக, தோட்டத்தை நிர்வகிக்கிற துரை ஒரு நிபந்தனை வைத்தார். காலையில் பெயர் பதிகிற பெரட்டுக்கு ஆட்கள் வருமுன் லொறி தோட்டத்து ரோட்டைத் தாண்டிவிட வேண்டும். ஒருவரைக் கொட்டினாலும் சரி, அதோடு தோட்டத்தில் தேனீப் பெட்டி இருக்காது. கீழே இறப்பர் தோட்டத்துத் துரையும் அதையேதான் சொன்னார். அதில் தவறில்லை. குளவி கொட்டிச் செத்தவர்களை அவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

ஆக, லொறியில் ஏறுவது வெறும் பெட்டிகள் அல்ல. அந்தப் பெண்களின் முயற்சி முழுவதும் ஏறுகிறது. ஒரு பிழை நடந்தால் எல்லாம் முடிந்தது.

இரண்டு வருடம் நல்லபடியாகப் போய் வந்தார்கள். மூன்றாம் வருடம்தான் அது நடந்தது.

அந்த முறை பெட்டிகள் கூடியிருந்தன. பெண்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லொறி கிளம்புமுன் ரோட்டோர முனியாண்டிக்கு ஒரு பூசை வைத்துவிட வேண்டும் என்றார்கள். பெட்டிகளை ஏற்றி வலை போட்டாயிற்று. பூசாரியைக் காணவில்லை.

"அக்கா, வெள்ளன போனாத்தான் பள்ளிக்கூட நேரத்துக்கு முன்ன ஹட்டன தாண்டலாம்" என்றார் பெற்றீசியா.

"இந்தா வந்துருவாரு தாயி. சாமி கும்புடாம எப்புடி அனுப்புறது? புதுப் பெட்டியெல்லாம் இருக்குல்ல."

பெற்றீசியா வேதக்காரர். மாதாவை வேண்டிக்கொள்ளாமல் அவரும் சாவியைத் திருப்புவதில்லை. அதனால் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. பூசாரி வந்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து முடிக்கும்வரை கைகட்டி நின்றார். பெண்கள் லொறியின் நெற்றியில் செவ்வந்தி மாலை போட்டார்கள். யாரோ வலையைத் தூக்கி எதையோ உள்ளே வைப்பதையும் பார்த்தார். திருநீறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பெரட்டு கூடுமுன் தோட்டத்து ரோட்டைத் தாண்டிவிட்டார்கள். அந்த மட்டும் சரி. ஆனால் தலவாக்கலையைக் கடந்தபோது பனி விலகி வெயில் விழுந்துவிட்டது. ஹட்டனுக்குள் நுழைந்தபோது வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் ரோட்டின் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் அசையவில்லை.

"இதென்ன, தேர் பாக்க நிக்கிற மாதிரி நிக்குறாங்க" என்றார் ராக்காயி.

பெற்றீசியா பின்னால் வந்த சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். அடங்கியிருக்கும் தேனீயின் சத்தம் சோற்றுப்பானை கொதிப்பது போலிருக்கும். இப்போது கேட்டது அப்படியில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் சத்தம் மெலிந்து, கூர்மையாகி, ஏறிக்கொண்டே போனது. கானுக்குள் கிடந்தபோது கேட்ட அதே சத்தம்.

"அக்கா, பின்னுக்கு என்னமோ நடக்குது."

"எனக்கு ஒன்னும் கேக்கலையே."

"எனக்குக் கேக்குது."

அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூட வாசலில் நின்ற போக்குவரத்துப் பொலிஸ்காரர் கையைக் காட்டினார். வலை போட்ட லொறி, முன்னால் பூமாலை, உள்ளே என்னவென்று தெரியவில்லை. ஓரம் கட்டச் சொன்னார். ஓரமென்றால் பள்ளிக்கூட வாசல்தான்.

பெற்றீசியா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். சிங்களத்தில் பேசினார். "மாத்தயா, உள்ளே தேனீ. சத்தம் மாறிவிட்டது. இங்கே நிறுத்தினால் பிள்ளைகளுக்கு ஆபத்து. டவுனைத் தாண்டி, ஆளில்லாத இடத்தில் நிறுத்துகிறேன்."

"பொலிஸ் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள்."

பெற்றீசியா தன் லைசனையும் அதிகாரியின் கடிதத்தையும் ஒன்றாக எடுத்து வெளியே நீட்டினார். "இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் மாத்தயா. இது இல்லாமல் எனக்குப் பிழைப்பில்லை. நான் எங்கே ஓடுவேன்? பின்னால் வாருங்கள். ஆனால் இங்கே மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்."

அவர் லைசனை வாங்கிப் பார்த்தார். லொறியின் பக்கவாட்டில் ஓரடி நடந்தார். அப்போது அவருக்கும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். சட்டென்று பின்வாங்கி, விசிலை ஊதி, பிள்ளைகளை வாசலுக்குள் போகச் சொல்லி, முச்சக்கர வண்டிகளை ஒதுக்கி வழி எடுத்துக் கொடுத்தார். லைசன் அவருடைய சட்டைப்பைக்குள் போனது.

கினிகத்தேனை ரோட்டில், லயமோ கொழுந்தெடுக்கிற ஆட்களோ இல்லாத ஒரு வளைவில் பெற்றீசியா லொறியை நிறுத்தினார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்துவிட்டார். தூரத்தில் நிற்கும்படி பெற்றீசியா கையைக் காட்டினார். அவர் ஹெல்மட்டைக் கழற்றாமல், கண்ணாடியையும் இறக்கி விட்டுக்கொண்டு நின்றார்.

"நான் ஏறிப் பாக்குறேன் தாயி, எம் புள்ளைங்கதானே" என்றார் ராக்காயி.

"டிரைவர்தான் பாக்கணும். நீங்க இறங்கி அந்தப் பக்கம் நில்லுங்க."

முகவலையும் கையுறையும் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். மேல் வலையை ஒரு மூலையில் விலக்கினார். எல்லாப் பெட்டிகளும் கலங்கியிருக்கவில்லை. நடுவில் இரண்டு பெட்டிகள் மட்டும். அவற்றின் கம்பி வலையில் தேனீக்கள் கறுப்பாக அப்பிக் கிடந்தன. ஒரு பெட்டியில் வலையின் ஓரம் ஆணியிலிருந்து கழன்று, அந்த இடைவெளியால் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. சில அவர் முகத்துக்கு நேரே மோதின. கால் இரண்டும் குதி குதி என்றன. குதித்தால் கீழே தேயிலை, தேயிலைக்குள் கான், கானுக்குள் ஒளிந்துகொள்ளலாம்.

அவர் குதிக்கவில்லை. மெதுவாகக் குனிந்தார். இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரு பச்சைப் பை செருகியிருந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு சீப்பு வாழைப்பழம். வெயிலில் வெந்து, குலுங்கலில் நசுங்கி, லொறி முழுவதும் அதன் வாசம். பையை ரோட்டோரத்தில் எட்டப் போட்டார். கழன்ற வலையை அழுத்தி, ஈரத்துணியால் இடைவெளியை அடைத்தார். மூடியில் துளை போட்ட போத்தலிலிருந்து பெட்டிகள்மேல் தண்ணீர் தெளித்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் இறங்கி, சோற்றுப்பானைச் சத்தமாக மாறியது.

கீழே இறங்கி வந்தபோது ராக்காயி அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இத யாரு வச்சது?"

ராக்காயி வானத்தைப் பார்த்தார். "சாமிக்குப் படைச்சதும்மா. கோலிக்குட்டுப் பழம். வழியில நம்ம ரெண்டு பேருக்கும் பசிக்குமேன்னு."

"சீட்டுல வச்சிருக்கலாமே."

"சீட்டுல வச்சா தலவாக்கலைக்கு முன்னயே நான் ஒருத்தியே தின்னு முடிச்சிருப்பேன்."

பிறகு ராக்காயியின் முகம் வாடிவிட்டது. "எம் புள்ளைங்கள நானே கொல்லப் பாத்தேனா?"

"தெரிஞ்சா செஞ்சீங்க? பழம் கெடந்த எடத்துலதான் ரெண்டு பெட்டியும் கலங்கியிருந்துச்சு. ஏன்னு எனக்கே தெரியல."

காரணத்தை அன்று பின்னேரம் அதிகாரி தொலைபேசியில் சொன்னார். தேனீ கொட்டும்போது அதன் உடம்பிலிருந்து ஒரு வாசம் வருமாம். ஆபத்து, எல்லாரும் வாருங்கள் என்று மற்றத் தேனீக்களுக்குச் சொல்கிற வாசம். பழுத்த வாழைப்பழத்தின் வாசமும் அதைப் போன்றதுதானாம். வகுப்பில் இதைச் சொல்லாமல் விட்டது தன் தவறு என்று அவர் வருத்தப்பட்டார். சாமிக்குப் படைத்த பழத்தை லொறியில் ஏற்றுவார்கள் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

இதற்குள், வளைவில் எட்ட நின்ற பொலிஸ்காரர் பக்கத்தில் வந்து லொறியின் முன்பக்கத்தைப் பார்த்தார். "தேனீ கொண்டுபோகிற வண்டிக்குப் பலகை இல்லையா?"

"இருக்கிறது மாத்தயா" என்று காட்டப்போன பெற்றீசியா அப்படியே நின்றுவிட்டார். செவ்வந்தி மாலை பலகையை முழுவதும் மூடியிருந்தது.

பொலிஸ்காரர் மாலையை இரண்டு கையாலும் தூக்கி, மூன்று மொழியையும் வாசித்தார். "இது தெரிந்திருந்தால் நான் கையே காட்டியிருக்க மாட்டேன்."

ராக்காயி தன் அரைகுறைச் சிங்களத்தில், மாலை போட்டது தான்தான் என்று சொல்லத் தொடங்கினார். பெற்றீசியா தடுத்தார். "வண்டிய எடுக்கிறவதான் அக்கா பாக்கணும்." பிறகு பொலிஸ்காரர் பக்கம் திரும்பி, "என் பிழை மாத்தயா" என்றார்.

பொலிஸ்காரர், இனி இப்படி வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். லைசனையும் கடிதத்தையும் திருப்பிக் கொடுத்தார். மாலையைக் கழற்றி, கீழே போடாமல் ராக்காயியின் கையில் கொடுத்தார். "பெட்டிகளைத் திருப்பிக் கொண்டு வருகிற அன்றைக்கு முதலே சொல்லுங்கள். நான் வழி எடுத்துத் தருகிறேன்."

படைத்த பழத்தை வீச முடியாது என்று ராக்காயி ஒரே பிடி. நசுங்காத பழங்களை எடுத்து, லொறிக்கு எட்டத்தில் நின்று பொலிஸ்காரருக்கு இரண்டு கொடுத்து, மிச்சத்தைத் தானே சாப்பிட்டார். "கையையும் வாயையும் நல்லா கழுவிட்டு ஏறுங்க" என்று பெற்றீசியா போத்தலை நீட்டினார்.

இறப்பர் தோட்டத்தில் பெட்டிகளை இறக்கி வைத்தபோது ஒரு பெட்டியில் அடை அறுந்து விழுந்திருந்தது. உள்ளே பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன. பெற்றீசியா அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். மற்றப் பெட்டிகளின் வாசலைத் திறந்ததும் தேனீக்கள் வெளியே வந்து, இடத்தைச் சுற்றிப் பார்த்து, துளிர் விட்டிருந்த மரங்களை நோக்கி எழும்பிப் போயின.

கையுறையைக் கழற்றும்போதுதான் ராக்காயி கவனித்தார். பெற்றீசியாவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"கொட்டிருச்சா? எப்ப?"

"அந்த வளைவுலதான்."

"ஒரு சத்தம் போடலையே தாயி. பயம் விட்டுப்போச்சா?"

"விட்டா போகும்? மூணு வருசமா ஒவ்வொரு தடவையும் இதே பயந்தான். ராத்திரி தூக்கம் வராது."

"பெறகு ஏம்மா வர்ற? மரக்கறி ஏத்துனா போதுமே."

பெற்றீசியா வீங்கிய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். "நீங்க மொத நாள் ஒருத்தனப் பத்திச் சொன்னீங்களே, பெட்டிய சாத்தாமலே ஏத்துவேன், எனக்கென்ன பயம்னு சொன்னான்னு. அவன் போற வழியெல்லாம் ஆளுங்க கொழுந்தெடுத்துக்கிட்டு நிப்பாங்க அக்கா. நான் நின்ன மாதிரி. அத நெனச்சேன். பயம் இல்லாதவன் கையில இத குடுக்கக் கூடாது."

ராக்காயி ஈரத்துணியை எடுத்து அந்த மணிக்கட்டில் சுற்றிக் கட்டினார்.

அன்று லொறி போன வழியில் வேறு யாரையும் ஒரு தேனீயும் கொட்டவில்லை. இரண்டு துரைமாருக்கும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னது பெற்றீசியாதான். அடுத்த வருடத்துக்கும் சம்மதம் கிடைத்தது. இப்போது பூசை முதல் நாள் பின்னேரமே முடிந்துவிடுகிறது. பழத்தை அங்கேயே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மாலை லொறிக்கு உள்ளே, மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. லயத்தில் இன்னும் சிலர் "குளவி லொறி வருது" என்று கேலி செய்கிறார்கள். "எட்ட நில்லுங்க, அது போதும்" என்று அவர் சிரித்துக்கொண்டே போகிறார்.

கடைத்தெருவில் கேட்ட அந்த வியாபாரிக்கு என் பதில் இதுதான். இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மலையிலோ கீழ்நாட்டிலோ லொறி ஓட்டுகிறவர்கள், தேனீ வளர்க்கிறவர்கள், லொறிக்கு மாலை போடுகிறவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். வாழைப்பழத்தைப் பற்றி முதலில் சொல்லுங்கள். பெற்றீசியா அக்காவைப் பற்றியும் சொல்லுங்கள்.